முகம் மாறிய பின்னும்

ஆள் மாறினால் பெயரும் மாறத்தானே வேண்டும்? பெயர் நிற்க, ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால், அங்கே நிலைத்திருப்பது எது? உடலா? உள்ளமா? ஊரார் பழக்கமா? மடங்களிலே கேட்டால் 'ஆன்மா' என்று ஒரே சொல்லில் விடை கிடைக்கும். அத்துடன் சிந்தனையும் உறங்கப் போய்விடும். நாம் அங்கே செல்லவில்லை. ஒரு தொலைக்காட்சித் தொடரை முன்வைத்துக் கேட்கின்றோம்.

1963 நவம்பர் 23 அன்று இலண்டனில் பி.பி.சி. நிறுவனம் 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் புனைவுத் தொடரைத் தொடங்கிற்று. பழைய காவல்துறைத் தொலைபேசிக் கூண்டு போன்ற ஊர்தியில் ஏறி, காலத்தையும் வெளியையும் கடந்து திரியும் ஒருவரின் கதை. 'டாக்டர்' என்றே அழைக்கப்படுவார், இயற்பெயர் மறைபொருள். அந்த வேடம் பூண்ட வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றினார். தொடரோ புகழுடன் ஓடிக்கொண்டிருந்தது. என்செய்வது? 1966இல் ஒரு வழி கண்டனர்: டாக்டர் வேற்றுலகத்தவர், உடல் தளர்ந்தால் மடியமாட்டார், புத்துடல் பெறுவார். பாட்ரிக் ட்ரௌட்டன் வந்தார், வேறு முகம், வேறு குரல், வேறு குணம். தேவை பெற்றெடுத்த தந்திரந்தான் இது. ஆனால் தத்துவ ஆசிரியர்கள் திணறும் வினாவொன்றை வீட்டுக் கூடத்திலே கொண்டுவந்து வைத்துவிட்டது. 1989இல் நின்றுபோன தொடர், 2005இல் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் என்னும் புதிய நாயகருடன் மறுபடி எழுந்தபோதும், பழைய பெயருக்குரியவராகவே அவரை ஏற்றனர் மக்கள்.

"கூடு விட்டுக் கூடு பாயும் பழங்கதைதானே? மறுபிறப்பைத்தானே மின்விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்?" என்று தோழர் ஒருவர் இடைமறிக்கக்கூடும். நல்ல கேள்வி. ஆனால் வேறுபாட்டைப் பாருங்கள். மறுபிறப்புக் கொள்கையிலே முன்பிறவி நினைவிலே இல்லை. அதன் தண்டனை மட்டும் தலையிலே உண்டு! செய்தது இன்னதென்று அறியாதவனுக்குச் சிறை. சிறைக்குப் பெயர் சாதி. எம் நாஞ்சில் நாட்டையும் உள்ளடக்கிய தென்திருவிதாங்கூரிலே, மார்பை மறைக்க ஆடை உடுத்தியதற்காக அடிபட்டார்கள் பெண்கள். 1859இல் அரசாணை வந்தது. அதுவும் அரைமனத்துடன், 'உயர்ந்தோர் உடுத்துவது போல் உடுத்தலாகாது' என்ற தடையுடன் வந்தது. 'முன்வினை' என்ற ஒரு சொல் எத்தனை கொடுமைகளுக்குத் திரையாக நின்றது! தொடரின் டாக்டரோ அத்தகையவர் அல்லர். முந்தைய முகம் செய்ததைப் புதிய முகம் நினைவிலே வைத்திருக்கிறது. முன்னவர் தந்த வாக்குக்குக் கடன்படுகிறது. முன்னவர் இழைத்த பிழைக்கு நாணுகிறது. நினைவும் பொறுப்பும் தொடர்வதால்தான் ஆள் ஒருவரே என்கின்றோம். பிறப்புக்கு அங்கே வேலை இல்லை.

இலண்டன் வரை போவானேன்? நம்மிடமே ஔவை இருக்கிறாரே! தோவாளைப் பக்கத்திலே அவருக்கு அம்மன் கோயில் எழுப்பி, ஆடிச் செவ்வாயிலே கொழுக்கட்டை படைக்கிறார்கள் தாய்மார்கள். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவரும் ஔவை. அவருக்குப் பல நூற்றாண்டு பின்னே ஆத்திசூடி பாடியவரும் ஔவை. "ஐயா, அவர் எத்தனை வயது இருந்தார்?" என்று வகுப்பிலே மாணவன் கேட்கிறான். கனியின் மகிமை என்கிறது கதை. பல புலவர்கள் ஒரே பெயரைத் தாங்கினார்கள் என்கிறது ஆராய்ச்சி. கனியைவிட இந்த உண்மையே நமக்குச் சுவையாக இருக்கிறது. ஒரு பெண் அரசவையிலே அஞ்சாது பேசினாள். பின்வந்த பெண்ணொருத்தி அந்தப் பெயராலேயே அறியப்பட்டாள். யார் பெற்ற மகள் என்பது அங்கே பொருட்டாகவில்லை.

அந்த ஔவையை 1940களில் மேடையேற்றிப் பெரும்புகழ் கொண்டவர் டி.கே. சண்முகம். ஒழுகினசேரி தந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பயின்ற நாடகக் குழு அது. ஆண், கிழவி வேடம் பூண்டார்; 'ஔவை சண்முகம்' என்றே நாடு அழைத்தது; சென்னையிலே சாலையும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. 1953இல் திரைப்படத்திலே கே.பி. சுந்தராம்பாள் ஔவையானார், அவரையும் போற்றினார்கள். ஆண் பெண்ணானபோது எவரும் வெகுண்டெழவில்லை.

ஆனால் 2017இல், 'அடுத்த டாக்டர் ஜோடி விட்டேக்கர் என்னும் நடிகை' என்று அறிவித்ததும் முணுமுணுப்பு எழுந்தது. டாக்டருக்கு இரண்டு இதயம் என்றார்கள், நம்பினார்கள். கூண்டு வெளியே சிறிது, உள்ளே பெரிது என்றார்கள், நம்பினார்கள். பெண் என்றதும் மட்டும், "இயற்கைக்கு ஒவ்வாது" என்று சிலருக்கு அறிவியல் நினைவுக்கு வந்துவிட்டது!

அதற்காக நம் பழைய மேடையை நாம் மெச்சிக்கொள்ளவும் இயலாது. சண்முகத்தின் திறமையில் ஐயமில்லை. ஆயினும் ஆண்கள் பெண் வேடம் புனைந்த அந்த மரபுக்குப் பின்னே, மேடையேறும் பெண்ணை இழிவாகப் பேசிய சமுதாயமும் இருந்தது. வேடம் மாறுவது ஒன்று. கதவு திறப்பது வேறொன்று. யார் யாராக நடித்தார் என்பதோடு, யார் வெளியே நிறுத்தப்பட்டார் என்பதையும் கேட்க வேண்டாமா? டாக்டர் தொடரின் முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பெர்ட், ஒரு பெண். முதல் கதையை இயக்கிய வாரிஸ் உசேன் இலக்னோவிலே பிறந்தவர். திரைக்குப் பின்னே அன்றே இடம் பெற்றவர்கள்! திரையிலே டாக்டராகப் பெண் ஒருத்தி தொடரை ஏற்று நடத்த 2018 வரை, ஐம்பத்தைந்து ஆண்டு ஆயிற்று. அவ்வாண்டு நவம்பரில் அவர் நடித்த ஒரு கதை 1947இன் பஞ்சாபுக்கே வந்து, பிரிவினை ஒரு குடும்பத்தைப் பிளப்பதைக் காட்டிற்று. ருவாண்டாவிலே பிறந்து ஸ்காட்லாந்திலே வளர்ந்த கறுப்பினத்தவர் சூட்டி காட்வா தொடரின் தலைமை ஏற்க 2023 ஆயிற்று.

2025 மே மாதம் காட்வாவும் விடைபெற்றார். ஒளி வெள்ளம் அடங்கியதும் தோன்றிய முகம் பில்லி பைப்பருடையது. 2005இலே, டாக்டரின் கைபற்றி ஓடிய கடைச் சிப்பந்திப் பெண்ணாக நடித்தவர் அவர். அவர்தாம் புதிய டாக்டரா என்று சொல்லாமலே திரை இருண்டது.