ஒரு சாண் மண்



பள்ளியில் ஒரே ஸப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறார்கள். ஸலாம் கொடுத்து முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வெளியேறுகிறார்கள். இவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் வருவதில்லை. அவர் வீட்டு மௌத்துக்கு இவர் போவதில்லை. அப்படி என்ன பகை என்று விசாரித்தால், இருவர் வீட்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு வேலி! இத்தகைய பகை இல்லாத தெரு நம் மஹல்லாக்களில் அரிது.

கிளுவை வேலி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். பட்டுப்போன கொம்பைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கொம்பு நடும்போது, வேலி நான்கு விரல் அந்தப் பக்கம் நகர்ந்து விடும். மறுமுறை இன்னும் நான்கு விரல். பக்கத்து வீட்டுக்காரர் பிழைப்புக்காக வெளிநாடு போன சபுராளியாக இருந்தாலோ, அந்த வீட்டில் இருப்பது விதவையும் எத்தீம் பிள்ளைகளும் என்றாலோ கேட்கவே வேண்டாம். ஒருநாள் வேலியைப் பிரித்துவிட்டு மதில் எழுப்புகிறோம். நகர்ந்த இடமே நிரந்தர எல்லையாகிவிடுகிறது.

இதனால் கிடைத்த லாபம் எவ்வளவு? ஒரு சாண் என்றால் 9 அங்குலம். 60 அடி நீளமுள்ள மனையில் அது 45 சதுர அடி. ஏறக்குறைய ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு. ஒரு முஸல்லாவை விரிக்கக்கூட அகலம் போதாத துண்டு!

ஆனால் அந்தத் துண்டின் பாரம் என்ன என்பதை அருமை நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அறிவித்துவிட்டார்கள். பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்துக் கொண்டவனுக்குக் கியாமத்து நாளில் ஏழு பூமிகளும் கழுத்தில் மாட்டப்படும் என்று எச்சரித்தார்கள். நிலத்தின் எல்லை அடையாளங்களை மாற்றுகிறவன் அல்லாஹ்வின் சாபத்துக்கு உரியவன் என்றும் கூறியருளினார்கள். ஏக்கர் கணக்கில் அபகரித்தவனைப் பற்றி மட்டுமா நாயகம் பேசினார்கள்? ஒரு சாணையல்லவா எடுத்துச் சொன்னார்கள்! நமக்கு அற்பமாகத் தெரிவது அங்கே அற்பமல்ல.

சுவனத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்து ஸஹாபாக்களில் ஒருவர் ஸஈது பின் ஜைது ரலியல்லாஹு அன்ஹு அவர்கள். அவர்கள் தம் நிலத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக் கொண்டார்கள் என்று அர்வா என்ற பெண் மதீனாவின் அமீர் மர்வானிடம் வழக்குக் கொண்டு சென்றாள். ஏழு பூமியின் எச்சரிக்கையை நாயகத்தின் வாயால் கேட்ட நானா அவள் நிலத்தை எடுப்பேன் என்று கேட்டார்கள் ஸஈது அவர்கள். பிறகு அந்த நிலத்தை அவளிடமே விட்டுவிட்டு, அவள் சொல்வது பொய்யானால் அவளுடைய பார்வை போகட்டும், அந்த நிலமே அவளுக்குக் கப்ராகட்டும் என்று அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அவள் கண் பார்வையை இழந்தாள். சுவரைத் தடவித் தடவி நடந்தவள், வழக்காடிப் பெற்ற நிலத்தில் இருந்த கிணற்றிலேயே விழுந்து மாண்டாள்.

இன்று நம்மவர்களில் சிலர், “12 வருடம் அனுபவித்துவிட்டோம், இனி யாரும் கேட்க முடியாது” என்கிறார்கள். 1963-ஆம் ஆண்டின் இந்தியக் காலவரையறைச் சட்டப்படி, எதிரனுபவம் 12 வருடம் நீடித்தால் தனியார் நிலத்தை மீட்கும் வழக்கு காலாவதியாகிவிடும் என்பது உண்மையே. வழக்குகளுக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட விதி அது. துருக்கி உஸ்மானியர் ஆட்சியில் ஹனஃபீ மத்ஹபின்படி தொகுத்து 1876-இல் நிறைவு செய்த ‘மஜல்லா’ என்ற சட்ட நூலிலும், பொதுவாக 15 வருடம் கடந்த வழக்கை காஜி விசாரிப்பதில்லை என்று உண்டு. ஆனால் அதே நூல், காலம் கடந்ததால் ஹக்கு அழிந்துவிடாது, பிரதிவாதியே காஜியின் முன் ஒப்புக்கொண்டால் தீர்ப்பு வாதிக்கே என்றும் விதிக்கிறது. வழக்குக்குத்தான் காலாவதி, ஹக்குக்குக் காலாவதி இல்லை!

கோர்ட்டுத் தீர்ப்பும் ஹராமை ஹலாலாக்காது. வாதத் திறமையால் ஒருவர் தம் சகோதரரின் உரிமையைத் தம் பக்கம் தீர்ப்பாக்கிக் கொண்டால், அவருக்கு வெட்டிக் கொடுக்கப்படுவது நெருப்புத் துண்டே என்று நாயகம் அவர்கள் எச்சரித்ததை உம்மு ஸலமா ரலியல்லாஹு அன்ஹா அவர்கள் அறிவிக்கிறார்கள். நாயகமே தீர்ப்பளித்தாலும் இதுதான் நிலை என்றால், நம் வக்கீலின் சாமர்த்தியம் எம்மாத்திரம்?

“அத்தா காலத்து வேலி, நாம் நகர்த்தவில்லையே” என்பார் மற்றொருவர். பிறர் மண் என்று தெரிந்த பின் அது வாரிசுச் சொத்தாகாது. சிந்தித்துப் பாருங்கள்! அத்தாவுக்காக வருடந்தோறும் ஃபாத்திஹா ஓதுகிறோம், ஏழைகளுக்குச் சோறாக்கிப் போடுகிறோம். ஆனால் அவர் மாற்றி நட்ட கல்லை, கப்ரிலிருக்கும் அவரால் எழுந்து வந்து திருப்பி நட முடியாது. மகனால் முடியும். அத்தாவின் பாரத்தை இறக்க இதைவிட நல்ல வழி ஏது?

ஆகவே என்ன செய்ய வேண்டும்? முதலில் கூச்சலை நிறுத்தி, அளக்க வேண்டும். தாய்ப்பத்திரம், பட்டா, புலப்படம் ஆகியவற்றை எடுங்கள். தாலுகா ஆபீஸில் மனுக் கொடுத்து, சர்வேயர் வரும் நாளில் இருவரும் கூட நின்று கல் நடுங்கள். மண் நம் பக்கம் மிஞ்சியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மதில் கட்டியாகிவிட்டது என்றால், அவர் கேட்கும் கிரயத்தைக் கொடுத்து எழுதி வாங்க வேண்டும். அல்லது அவர் மனமுவந்து ஹலாலாக்க வேண்டும். இரண்டுக்கும் அவர் இசையாவிட்டால் மதிலை நகர்த்துவதே கடமை. அண்டை வீட்டார் மாற்று மதத்தவரானாலும் இந்த ஹுக்மில் ஒரு விரல் அளவும் மாற்றமில்லை.

அளந்தும் தெளிவு கிடைக்காவிட்டால்? பழைய வாரிசுச் சொத்துக்காக, எந்தச் சாட்சியமும் இல்லாமல் இருவர் நாயகத்திடம் வந்தார்கள். நெருப்புத் துண்டு பற்றிய எச்சரிக்கையைக் கேட்டதும் இருவரும் அழுதுவிட்டார்கள். என் பங்கை அவரே எடுத்துக் கொள்ளட்டும் என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். நியாயமாகப் பங்கிட்டு, சீட்டுப் போட்டு எடுத்து, ஒருவருக்கொருவர் ஹலாலாக்கிக் கொள்ளும்படி நாயகம் பணித்தார்கள். வழக்காட வந்தவர்கள் விட்டுக்கொடுக்கப் போட்டியிட்டார்கள்!

நம் உரிமையைக் கேட்பது குற்றமல்ல. ஆனால் உரிமை இருக்கிறது என்பதற்காக இடைஞ்சல் செய்யக் கூடாது. அண்டை வீட்டார் நம் சுவரில் ஒரு மரத்தைப் பொருத்துவதைக்கூடத் தடுக்க வேண்டாம் என்பது நாயகத்தின் போதனை. அப்படியிருக்க, சாய்ந்த முருங்கைக் கிளைக்கும், கூரையிலிருந்து சொட்டும் மழைத் தண்ணீருக்கும் அரிவாள் தூக்குவது நமக்குத் தகுமா?

இன்றைக்கே நம் வீட்டு எல்லையை ஒருமுறை நடந்து பார்ப்போம். மௌத்துக்கு முன்னால் திருப்பி நடக்கூடிய கல்லை, அதற்குப் பின் எவராலும் நமக்காகச் சுமக்க முடியாது. பிறர் ஹக்கைக் கழுத்தில் சுமக்காமல் தன்னைச் சந்திக்கும் பாக்கியத்தை, வல்ல நாயன் நம் அனைவருக்கும் நம் பெற்றோருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.