உள்ளிருக்கும் சாட்சி

‘நீ நீயாக இரு’ என்னும் அறிவுரையை இன்று எங்கும் கேட்கிறோம். இனிய சொல்தான். ஆனால், அதற்கு நாம் கொள்ளும் பொருள் என்ன? விரும்பியதைப் பேசுவதும், விரும்பியவாறு வாழ்வதும், எவர் சொல்லுக்கும் செவிசாய்க்காதிருப்பதுமே தனக்கு உண்மையாயிருத்தல் என்றால், அடம்பிடிக்கும் குழந்தையைவிட உண்மையானவர் உலகில் ஒருவரும் இருக்க முடியாது.

தமிழ் நமக்கு ஓர் அரிய சொல்லைத் தந்திருக்கிறது: மனச்சான்று. சான்று என்பது சாட்சி. வழக்குமன்றத்தில் ஏறி நிற்கும் சாட்சி, தாம் விரும்பியதைச் சொல்ல வந்தவர் அல்லர். கண்டதைச் சொல்ல வந்தவர். கண்டது தமக்கே இழப்பைத் தருமாயினும், அதை மாற்றிச் சொல்ல அவருக்கு உரிமையில்லை. புனித பவுலும் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் மனச்சான்றைச் சாட்சியாகவே காண்கிறார். அக்குரல் நாமே உண்டாக்கியதன்று. ஆகவே நம் வசதிக்கேற்ப அதைத் திருத்தவும் இயலாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில், மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் திருத்தலமாக மனச்சான்றைக் கண்டதும் இதனாலேயே.

இவ்வுண்மையை வாழ்ந்து காட்டிய ஓர் உழவரை நினைத்துப் பார்ப்போம். ஆஸ்திரியா நாட்டில், ஜெர்மனியின் எல்லையை ஒட்டிய ராடெகுண்ட் என்னும் சிற்றூரில் 1907ஆம் ஆண்டு பிறந்தவர் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். இளமையில் அவரைப் பெரிய பக்திமான் என்று சொல்வதற்கில்லை. ஊரில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர் என்பதே அவர் பெற்றிருந்த பெயர். 1936இல் பிரான்சிஸ்கா என்னும் பெண்ணை மணந்தபின் அவரது விசுவாசம் ஆழம் பெற்றது. மூன்று பெண் குழந்தைகள் பிறந்தன. ஊர்க் கோவிலில் கோவிற்பிள்ளையாகவும் பணிசெய்தார்.

1938இல் இட்லர் ஆஸ்திரியாவைத் தன் ஆட்சியோடு இணைத்துக்கொண்டு, அதற்கு மக்களின் ஒப்புதலைக் கேட்டான். அவ்வூரில் எதிர்த்து வாக்களித்தவர் இவர் ஒருவரே. 1940இல் படைக்கு அழைக்கப்பட்டுப் பயிற்சி பெற்றார். 1941இல் வீடு திரும்பியபின், அந்த அநீதியான போருக்காக இனி ஆயுதம் ஏந்துவதில்லை என உறுதிகொண்டார். தனக்கு உண்மையாயிருத்தல் என்பது நேற்றுச் செய்ததையே இன்றும் செய்வதன்று. இன்று கண்ட உண்மைக்கு இன்றே பணிவது என்பதை இங்கே காண்கிறோம்.

அவர் பிடிவாதக்காரர் அல்லர். பிடிவாதம் பிறரைக் கேட்பதில்லை, இவரோ கேட்டார். குருக்களைக் கேட்டார்; லின்ஸ் நகர் சென்று ஆயரையே கேட்டார். பெரும்பாலும் அவருக்குக் கிடைத்த அறிவுரை ஒன்றே: “குடும்பத்தை எண்ணிப்பார். போரின் நியாயத்தை ஆராய்வது உன் பொறுப்பன்று.” அறிவுரை கூறியவர்கள் தீயவர் அல்லர், அவரைக் காப்பாற்றவே விரும்பினர். அவர் பொறுமையோடு கேட்டார். ஆனால் தாம் கண்டதைக் காணவில்லை என்று சொல்ல அவரால் இயலவில்லை.

1943 மார்ச் 1ஆம் நாள் படைமுகாமில் தம் மறுப்பைத் தெரிவித்தார். காயமுற்றோருக்கு மருத்துவப் பணி செய்யத் தாம் ஆயத்தம் என்றும் கூறினார், ஏற்கப்படவில்லை. சிறையில் இருந்தபோது, பிரான்ஸ் ரைனிஷ் என்னும் குரு இதே காரணத்திற்காக முந்தைய ஆண்டு கொல்லப்பட்ட செய்தியைச் சிறைக் குரு வாயிலாக அறிந்து ஆறுதல் அடைந்தார். சூலை 6ஆம் நாள் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆகஸ்டு 9ஆம் நாள் பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது. அப்போது அவருக்கு வயது 36.

மனைவி மக்களின் நிலை என்ன என்று நம் உள்ளம் கேட்கிறது. கேட்கவே வேண்டும். தொடக்கத்தில் பிரான்சிஸ்காவும் கணவரின் மனத்தை மாற்ற முயன்றவரே. பின்னர் அவர் பக்கம் உறுதியாய் நின்றார். அதன் விலையையும் அவரே கொடுத்தார். ஊரார் அவரைக் குறைகூறினர். கைம்பெண்களுக்குரிய உதவித்தொகை 1950வரை அவருக்கு மறுக்கப்பட்டது. மனைவி மக்கள் இருப்பது தவறிழைக்கும் உரிமையைத் தந்துவிடாது என்பது அந்த உழவரின் எண்ணம். இது கடினமான பாடம். இதை எளிதாக்கிச் சொல்ல நமக்குத் துணிவில்லை.

ஏனெனில், ‘குடும்பத்தைப் பாருங்கள்’ என்று நாமும் சொல்லியிருக்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன், அப்போது பணியாற்றிய பங்கில், ஒரு மாலை கோவில் முற்றத்தில் அன்பர் ஒருவர் நம்மிடம் வந்தார். நடைபெறாத வேலையை நடைபெற்றதாகக் காட்டிக் கையொப்பமிடும்படி மேலிடத்தில் வற்புறுத்துவதாகச் சொன்னார். மகளின் திருமணம் நெருங்கியிருந்தது. “கடவுள் உங்கள் உள்ளத்தை அறிவார், வேலையைக் காத்துக்கொள்ளுங்கள்” என்றோம். அவர் நன்றி கூறிச் சென்றார். அதன்பின் ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வந்தார். ஆனால் நற்கருணை வாங்க மட்டும் எழுந்து வரவில்லை. வேறு பங்கிற்கு நாம் மாற்றலாகும்வரை அவ்வாறே இருந்தார். அவருடைய சாட்சியை நாம் வாயடைத்துவிட்டோம் என்பது நமக்குப் புரியக் காலம் பிடித்தது. அவர் நம்மிடம் தேடி வந்தது அனுமதியை அன்று; உடன் நிற்கும் ஒருவரை.

2007ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள், லின்ஸ் பேராலயத்தில் பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் அருளாளராக உயர்த்தப்பட்டார். 94 வயதான பிரான்சிஸ்கா அவ்விழாவில் வீற்றிருந்தார். அன்று மாற்றிக்கொள்ளச் சொல்லப்பட்ட சாட்சியத்தை, 64 ஆண்டுகளுக்குப்பின் அதே மறைமாவட்டம் பீடத்தில் வைத்து வணங்கியது.

நம்மில் எவரும் தலையை இழக்க வேண்டியதில்லை. நம்மைத் தேடி வருபவை சிறிய சோதனைகள்: ஒரு கையொப்பம், ஒரு மௌனம், ஊரோடு சேர்ந்து சொல்லும் ஒரு பொய். அத்தகைய வேளையில் நாம் தனியே நிற்க நேர்ந்தால், உள்ளிருக்கும் சாட்சியை மறுதலியாதிருக்க வரம் கேட்போம். பிறர் அவ்வாறு தனியே நிற்கக் கண்டால், அவர் அருகில் சென்று நிற்கவும் வரம் கேட்போம். இரண்டாவது வரம், நம்மைப் போன்ற மேய்ப்பர்களுக்கே முதலில் தேவை.