இறந்தவனுக்காக யார் மன்னிப்பது?

ஜான் கானி எழுதிய ‘நத்திங் பட் தி ட்ரூத்’ என்ற தென்னாப்பிரிக்க நாடகத்தில், போர்ட் எலிசபெத்தின் நியூ பிரைட்டனில் வாழும் சிபோ மகாயா, லண்டனில் இறந்த தம்பி தெம்பாவின் உடலுக்காகக் காத்திருக்கிறார். தம்பி மகள் கொண்டுவருவது ஒரு கலசம். உள்ளே சாம்பல். அஸ்தியைக் கடலில் கரைத்துப் பழகியவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது. சிபோவோ கோசா இன மரபில் வளர்ந்தவர். உடல் சொந்த மண்ணுக்குள் போய் முன்னோரோடு சேர வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. பெட்டியே இல்லாமல் எதைப் புதைப்பது?

ஆனால் அவர் கோபம் மிகப் பழையது. நிறவெறிக்கு எதிராகப் போராடி நாட்டைவிட்டு வெளியேறிய தெம்பாவை ஊர் வீரனாகக் கொண்டாடுகிறது. நூலகத்தில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கிய அண்ணனை யாரும் கேட்பதில்லை. அந்தத் தம்பி அண்ணனின் மனைவியையும் விட்டுவைக்கவில்லை. இதற்கிடையே சிபோவின் மகனைப் போலீஸ் சுட்டுக் கொன்றிருக்கிறது. கானிக்கு இது கற்பனை அல்ல. 1985இல் ஒரு சிறுமியின் இறுதிச் சடங்கில் அவருடைய தம்பியே போலீஸ் குண்டுக்குப் பலியானார். 2002இல் நாடகம் மேடையேறியபோது சிபோவாக நடித்தவரும் கானிதான்.

ஒரே வீட்டுக்குள் இரண்டு கடன்கள். தம்பி உயிரோடு இல்லை, மன்னிப்புக் கேட்க முடியாது. மகனைச் சுட்டவன் எங்கோ இருக்கிறான், கேட்கவில்லை.

நாடும் அதே கேள்வியில்தான் சிக்கியிருந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்துக்குத் தலைவர் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு. அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுமையாக ஒப்புக்கொண்டால் பொதுமன்னிப்பு உண்டு. வருந்த வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. 7,000க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன, பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. தண்டிக்கும் உரிமையையே இந்தச் சட்டம் பறிக்கிறது என்று, போலீஸ் காவலில் இறந்த நிறவெறி எதிர்ப்புப் போராளி ஸ்டீவ் பிகோவின் குடும்பம் உள்ளிட்டோர் அரசியல் சாசன நீதிமன்றம் சென்று 1996இல் தோற்றார்கள்.

மதங்களும் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. மன்னிப்பு இல்லாமல் எதிர்காலமே இல்லை என்றார் கிறிஸ்தவரான டுட்டு. மனிதனுக்கு இழைத்த தீங்கை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தாமல் எந்த நோன்பும் கழுவாது என்கிறது யூத மரபு. அப்படியானால் கொலைக்கு மன்னிப்பு வழங்க ஆளே மிஞ்சுவதில்லை. கொல்லப்பட்டவரின் உறவினருக்கு அந்த உரிமையைத் தருகிறது இஸ்லாமியச் சட்டம்.

சிபோ இவை எதையும் வாதிடுவதில்லை. ஆண்டாண்டாக விழுங்கிய உண்மையை மகளின் முன் கொட்டிய பிறகே தம்பி மீதான கசப்பு இளகத் தொடங்குகிறது. மகனைக் கொன்றவனுக்கு மன்னிப்பு என்ற சலுகையைத் தர அவர் மனம் ஒப்பவில்லை. இது முரண்பாடு அல்ல. தம்பியை அவர் நேசித்தார், அவனுக்காக அழவும் உரிமை இருந்தது. மற்றவன் விஷயத்திலோ, அவர் பெயரால் அரசு பேரம் பேசியது. அரசு தண்டனையைக் கைவிடலாம், அதற்குக் காரணங்களும் இருக்கலாம். ஒரு தகப்பனின் மன்னிப்பை எடுத்து வழங்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை.

நாடகத்துக்கு வெளியேயும் இதே கதைதான். 1985இல் கொல்லப்பட்ட நிறவெறி எதிர்ப்பாளர்களான ‘கிரடாக் நால்வர்’ வழக்கில், மனுச் செய்த முன்னாள் போலீஸார் பலருக்கு 1999இல் பொதுமன்னிப்பு மறுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் யாரும் தண்டிக்கப்படவில்லை. 2025 ஜூனில் அதே போர்ட் எலிசபெத்தில், இன்றைய கெபெஹாவில், மரண விசாரணை மீண்டும் தொடங்கியது. அதைக் கேட்டுப் போராடியவர்கள் கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தார்.