கொன்ற கருவியைக் காப்பது முறையா?



ஒரு வீட்டில் கொலை நடந்துவிடுகிறது. கொன்றவனும் இறந்து, வழக்கும் முடிந்து, பல ஆண்டுகள் சென்றபின், அந்தக் கத்தி கறல் பிடித்த நிலையில் ஒரு மூலையில் அகப்படுகிறது. அதைக் கடலில் எறிவதா? அல்லது கறல் நீக்கி, எண்ணெய் பூசி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து ஊராருக்குக் காட்டுவதா? காட்டுவதானால் எதற்காக?

இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் நகரங்கள்மீது குண்டு வீசிய விமானங்களைத் தேடியெடுத்துச் சீர்செய்து நூதனசாலைகளில் வைக்கும் பணி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அவற்றுள் எல்லாரும் அறிந்தது ‘இனோலா கே’. 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமா நகரின் மீது அணுகுண்டைப் போட்டது இந்த விமானமே. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர். விமானி போல் திபெற்ஸ் தம்மைப் பெற்ற தாயின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார் என்பதை எண்ணும்போது உள்ளம் கூசுகிறது.

யுத்தம் முடிந்தபின் அது பல ஆண்டுகள் வெட்டவெளியில் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. பறவைகள் உள்ளே கூடு கட்டின. ஞாபகப் பொருள் தேடியவர்கள் பாகங்களைக் கழற்றிக்கொண்டு போயினர். 1960இல் அதைப் பிரித்துக் களஞ்சியத்தில் வைத்தனர். 1984இல் சீர்செய்யும் வேலை தொடங்கியது. அதற்குச் செலவான உழைப்பு ஏறத்தாழ 3,00,000 மணித்தியாலங்கள். ஒரே ஆள் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், ஓய்வுநாளே இன்றி வேலை செய்தால் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்!

அந்த வேலையாட்களை நாம் இகழ வேண்டியதில்லை. பொறுமையும் நேர்மையும் நிறைந்த கைத்தொழில் அது. இத்தகைய விமானங்களைப் பேணுபவர்கள் எல்லாரும் யுத்த வெறியர்களும் அல்லர். பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர்களுள் 55,573 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் மிகப் பலர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். 1944 மார்ச்சில் நூரம்பேர்க் நகரைத் தாக்கச் சென்று திரும்பாத தம் அண்ணனின் நினைவாக, இங்கிலாந்தின் விவசாயச் சகோதரர் இருவர் ஒரு ‘லங்காஸ்ரர்’ விமானத்தை விலைக்கு வாங்கிப் பேணினர். அத்தகைய குடும்பத்துக்கு அந்த இரும்பும் அலுமினியமும் ஒரு கல்லறைக்குச் சமம். அதைத் தொட்டு அழ அவர்களுக்கு உரிமை உண்டு.

எனவே முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். உலோகத்துக்குப் பாவம் இல்லை. பாவமும் புண்ணியமும் மனிதனின் சித்தத்தைச் சார்ந்தவை. கருவியை அழித்துவிட்டால் செய்கை இல்லாமற் போய்விடாது. சில வேளை செய்கை மறக்கப்படவே அது வழியாகும். ஆதலால் கொன்ற கருவியைக் காப்பது தன்னிலே தவறன்று. எந்த நோக்கத்தோடு, எந்த நிலையில், எதைச் சொல்லிக் காக்கிறோம் என்பதிலேதான் அதன் நன்மையும் தீமையும் தங்கியிருக்கின்றன.

இங்கே ஒரு நுட்பமான உண்மையைக் கவனியுங்கள். ஒரு பழைய பொருளைச் சீர்செய்பவன், அதன் வாழ்நாளில் ஒரு நேரத்தைத் தெரிந்தெடுத்து, அந்த நேரத்துக்கு அதைத் திருப்பிக் கொண்டுபோகிறான். ‘இனோலா கே’யைச் சீர்செய்தவர்கள் அதை 1945 ஆகஸ்டில் இருந்த தோற்றத்துக்குக் கொண்டுவந்தனர். மிக நன்று. ஆனால் அந்த நேரத்தில் இருந்தது விமானம் மட்டுமா? மேலே விமானம் பறந்தபோது கீழே ஒரு நகரம் இருந்தது. பிள்ளைகள் இருந்தார்கள். மேலே இருந்ததை ஆணி ஆணியாக மீட்டு, கீழே இருந்ததை ஒரு வரியில்கூடச் சொல்லாது விட்டால், மீட்கப்பட்டது அந்த நேரத்தின் பாதி மட்டுமே.

இதைப் பற்றியே அமெரிக்காவில் பெரும் சர்ச்சை எழுந்தது. யுத்தம் முடிந்த ஐம்பதாம் ஆண்டில், வாஷிங்ரனிலுள்ள தேசிய வான், விண்வெளி நூதனசாலை இவ்விமானத்தைக் காட்சிக்கு வைக்க எண்ணியது. ஹிரோஷிமாவில் மாண்ட பள்ளி மாணவி ஒருத்தியின் கருகிய சாப்பாட்டுப் பெட்டி போன்ற பொருட்களையும் அருகே வைப்பது திட்டம். முன்னாள் போர்வீரர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. யப்பான் செய்த கொடுமைகளை மறைத்து, அதைப் பாவமறியாத நாடாகக் காட்டுகிறீர்கள் என்றன. 1995 ஜனவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் நூதனசாலையின் பணிப்பாளர் பதவி விலகினார். யூன் 28இல் விமானத்தின் முற்பகுதி மட்டும், அந்தப் பொருட்கள் இன்றி, காட்சிக்கு வந்தது. 2003 டிசெம்பரில் முழு விமானமும் வேர்ஜீனியாவிலுள்ள புதிய கட்டடத்தில் வைக்கப்பட்டது. மாண்டோரின் தொகையையும் எழுதுங்கள் என்று பலர் கேட்டனர். நூதனசாலை இணங்கவில்லை. மற்ற விமானங்களுக்கு எழுதுவது போலவே இதற்கும் எழுதுவோம் என்பது அதன் நிலைப்பாடாக இருந்தது.

போர்வீரர்களின் ஆத்திரத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். யப்பானியப் படை நான்கிங்கில் செய்தது பெரும் பாதகம். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாக சயாம்–பர்மா ரயில் பாதையில் மாண்டதை நாம் மறக்கலாமா? அதுவும் சொல்லப்பட வேண்டும். ஆனால் ஓர் உண்மையைச் சொல்லாமல் விட்டதற்குப் பரிகாரம் அதையும் சேர்த்துச் சொல்வதேயன்றி, மற்ற உண்மையையும் மறைப்பதன்று. கொடியவர்கள் ஆண்ட நாட்டில் பிறந்தாள் என்பதற்காக அந்த மாணவி கொல்லத்தக்கவள் ஆகிவிடுவாளா? முழு நகரங்களையும் அவற்றின் மக்களையும் வேறுபாடின்றி அழிப்பது கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் ஐயத்துக்கு இடமின்றித் தீர்ப்புரைத்தது. யார் வீசினார், யார்மேல் வீசினார் என்று பார்த்து அத்தீர்ப்பு மாறுவதில்லை.

கீழே இருப்பது என்றால் என்னவென்று நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வாஷிங்ரனில் அந்தக் காட்சி திறக்கப்பட்ட பதினோராம் நாள், 1995 யூலை 9இல், நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த நம் மக்கள்மீது வானிலிருந்து குண்டுகள் விழுந்தன. அந்த விமானத்தின் நீளமும் வேகமும் அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு எதைச் சொல்லும்?

நாகசாக்கியின் மீது குண்டு போட்ட ‘பொக்ஸ்கார்’ என்ற விமானமும் ஒஹாயோ மாநிலத்தில், டேற்றன் நகர விமானப்படை நூதனசாலையில் பாதுகாக்கப்படுகிறது. 1945 ஆகஸ்ட் 9 காலை 11.02 மணிக்கு வெடித்த அந்தக் குண்டு, ஊராக்காமி பேராலயத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் தொலைவில் வெடித்தது. தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்காக உள்ளே குருவானவர்கள் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பங்கின் 12,000 விசுவாசிகளுள் ஏறத்தாழ 8,500 பேர் மாண்டனர். பேராலயத்தின் இடிபாடுகள் 1958இல் அகற்றப்பட்டன; ஒரு சுவர்த்துண்டு போன்ற சிலவே எஞ்சின. தாக்கிய விமானம் முழுமையாக இருக்கிறது. தாக்குண்ட ஆலயம் துண்டாக இருக்கிறது. அவ்விமானப் படையினருக்கு ஆன்ம குருவாயிருந்த தந்தை ஜோர்ஜ் செபெல்கா, அன்று தாம் மௌனமாயிருந்ததற்காகப் பிற்காலத்தில் பகிரங்கமாக மனம் வருந்தினார்.

வேறு விதமாகவும் பேணலாம் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1940இல் சுட்டு வீழ்த்தப்பட்ட ‘டோர்னியர்’ என்ற யேர்மன் குண்டுவீச்சு விமானத்தை 2013இல் இங்கிலாந்தின் கரையோரக் கடலிலிருந்து தூக்கியெடுத்தார்கள். தேசிக்காயில் உள்ள சிற்றிக் அமிலம் கலந்த நீரைத் தெளித்து உப்பையும் பாசியையும் நீக்கினார்கள். ஆனால் நெளிந்ததை நிமிர்த்திப் புத்தம் புதிதாக்குவது அவர்களின் நோக்கமாக இருக்கவில்லை. அந்த உடைந்த கூடு தன் கதையைத் தானே சொல்கிறது. உயிர்த்த ஆண்டவர் தம் சீடருக்குத் தோன்றியபோது காயங்களை மறைத்துக்கொண்டு வரவில்லை. தோமையாருக்கு அவற்றையே காட்டினார். காயத்தை அழிப்பதுதான் மீட்பு என்று நினைப்பவர்கள் இதைச் சிந்திப்பார்களாக.

ஊராக்காமி பேராலயத்தில் இரண்டு மணிகள் இருந்தன. ஒன்று இடிபாட்டினின்று மீட்கப்பட்டது, மற்றது அழிந்தது. அந்த வெற்றிடத்துக்கு அமெரிக்கக் கத்தோலிக்கர் பணம் சேர்த்து ஒரு புதிய மணியை வழங்கினார்கள். 2025 ஆகஸ்ட் 9 காலை 11.02க்கு, எண்பது ஆண்டுகளின் பின் இரண்டு மணிகளும் சேர்ந்து ஒலித்தன. சீர்செய்தல் என்ற சொல்லுக்கு இதுவும் ஒரு பொருள்.

பெற்றோரே, விமானப் படங்களை விரும்பாத சிறுவர்கள் குறைவு. உங்கள் பிள்ளை ஒரு பழைய குண்டுவீச்சு விமானத்தின் படத்தைக் கொண்டுவந்து, இதன் வேகம் என்ன, இயந்திரங்கள் எத்தனை என்று கேட்டால் அதட்டாதீர்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள். சொன்னபின், அது எங்கே பறந்து போனது, அதில் ஏறிப்போனவர்கள் யார், கீழே யார் இருந்தார்கள் என்பதையும் அதே பொறுமையோடு சொல்லிக் கொடுங்கள்.