பால்கோவாவும் கன்றின் பங்கும்

இனிய உணவை விரும்பி உண்டல் சிவநெறி நிற்பார்க்குத் தகுமோ என்பது ஒரு வினா. தநு, கரண, புவன, போகங்கள் இறைவனால் உயிர்கட்கு அளிக்கப்பட்டன என்பது நம் சித்தாந்தமாதலின், சுவை தன்னளவிற் குற்றமாகாது. அதனை 'எனது' எனப் பற்றும் பற்றே குற்றமாம். இதனை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் வைத்து ஆராய்வாம்.

இப்பண்டம் பசும்பாலும் சர்க்கரையும் கொண்டு ஆக்கப்படுவது. பசும்பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீர். விறகுத்தீயின்மேல் இடையறாது கிளற, அந்நீர் பெரும்பாலும் ஆவியாய் நீங்கித் திரட்சி எஞ்சும். ஆண்டாள் திருக்கோயிலுக்கும் மடவார்வளாகம் வைத்தியநாதர் திருக்கோயிலுக்கும் வருவார் இதனை வாங்கிச் செல்வர். அப்பக்கத்தார் உறவினரைக் காணச் செல்லுங்கால் கையுறையாகக் கொள்வர். 2019-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தீயிற் பக்குவமுறும் இதனை மலபரிபாகத்திற்கு உவமை கூறுதல் எளிது. ஆயின் யாம் கேட்பது அடுப்பிற்கு முற்பட்ட வினா: அப்பால் யாருக்கு உரியது?

வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி முதலிய ஊர்கட்கு அணித்தாய் நிற்கும் சதுரகிரியின் தலவரலாறு இதற்கு வழிகாட்டும். பச்சைமால் என்னும் ஆயன், தன் பசுவின் மடியில் வாய்வைத்துப் பாலுண்ட துறவியைக் கள்வனெனக் கருதிக் கோலால் அடித்தான். அடியுண்டவர் சிவபெருமானே. சுந்தரமகாலிங்கர் திருமேனி சாய்ந்திருத்தல் அவ்வடியின் அடையாளம் என்பர். 'என் பால்' என்னும் எண்ணமே உடையவனைக் கள்வனாகக் காட்டிற்று.

பாலுக்கு உடையவன் இறைவனாயின், யார்பொருட்டு அவன் அதனை மடியிற் சுரப்பித்தானோ அக்கன்றிற்கே முதற்பங்கு உரித்து. சண்டேசுர நாயனார், ஆயன் பசுவை அடித்தல் கண்டு பொறாது தாமே நிரை மேய்த்தார். அவை அன்பினாற் பொழிந்த பாலையே இறைவற்கு ஆட்டினார்.

அற்றேல், கன்றிற்கு விட்டுக் கறப்பின் மாடு வளர்ப்போர் பிழைப்பு என்னாம் எனின், அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. ஒரு மாட்டை நம்பி வாழும் ஏழைக்குக் குறையும் ஒவ்வொரு படியும் இழப்பே. அவ்விழப்பை அவன்மேல் மட்டும் சுமத்துதல் அறமன்று. மலிந்த விலையே நாடுவோர், கன்றின் பசியிலும் பங்குடையர். உரிய விலை கொடுத்து வாங்குதல் உண்பார் கடன். கோசாலையிற் கன்றின் வயிற்றை நோக்கிய பின்னரே நிவேதனத்திற்குக் கறத்தல் மடங்களின் கடன்.

இவ்வாறு வந்த பால்கோவாவை இறைவற்குப் படைத்துப் பகிர்ந்துண்பார்க்கு அதன் இனிமை பந்தமாகாது. கன்றைப் பட்டினியிட்டுக் கறந்த பாலையோ எத்தீயும் பக்குவமாக்காது.