கல்லில் வார்த்த நீர்

கி.மு. 4ஆம் நூற்றாண்டளவில், எகிப்தியர் ஹோரஸ் என்னும் தெய்வத்தைக் குழந்தை வடிவிற் சிறு கற்களிலே செதுக்கி வைத்திருந்தனர். அக்குழந்தை முதலைகளை மிதித்து, பாம்பையும் தேளையும் கையிற் பிடித்து நிற்கும். கல்லெங்கும் மந்திர எழுத்துகள். அதன்மேல் வார்த்த நீரைத் தேள் கொட்டியவர்க்குப் பருகக் கொடுப்பர்.

நகைக்க வேண்டாம். பிள்ளைக்காக அந்நீரை ஏந்திய தாயின் கண்ணீர் உண்மையானது.

பின்னர் அதே எகிப்துக்கு, ஏரோதின் வாளுக்குத் தப்பி, இயேசு பாலன் அகதியாய் வந்தார். மரியாளின் மடியும் சூசையப்பரின் துணையுமே அவருக்குக் காவல். வளர்ந்தபின் நம் வேதனையைத் தம் உடலிலே சுமந்தார்.

நம் பிள்ளை காய்ச்சலாய்க் கிடக்கையில், நாமும் சுரூபத்தைத் தொட்டுத் தீர்த்தம் தெளிக்கின்றோம். நல்லதே. ஆனால் நம் நெஞ்சு நாடுவது கல்லையா, ஆண்டவரையா? மருந்தைக் கொடுங்கள், அருகிருந்து செபியுங்கள். சுகம் தாமதித்தாலும் அவர் நம்மைக் கைவிடார்.