நுரை கூடி வரும் நேரம்



போன செவ்வாய்க்கிழமை ஒரு கல்யாண வேலையாகச் சென்னைக்குப் போயிருந்தேன். என் தங்கை மகன் வேளச்சேரியில் நண்பர்கள் இரண்டு பேரோடு வீடெடுத்துத் தங்கியிருக்கிறான். ராத்திரி எட்டரை மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அடைமழை. பையன்கள் மூன்று பேரும் அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்திருந்தார்கள். தலையைத் துவட்டிக்கொண்டே ஆளுக்கொரு செல்போனில் சாப்பாடு தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு கடையில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்று காட்டியது. இன்னொரு கடை மழைக்குச் சீக்கிரமே மூடிவிட்டது.

"பெரியம்மா, உங்களுக்கு என்ன சொல்லட்டும்?" என்றான்.

"வீட்ல என்னப்பா இருக்கு?"

"வீட்ல ஒண்ணுமே இல்ல பெரியம்மா."

சமையலறைக்குள் போய்ப் பார்த்தேன். கேஸ் அடுப்பு இருக்கிறது, குக்கர் இருக்கிறது, சின்னதாக ஒரு மிக்ஸியும் இருக்கிறது. மேல் அலமாரியில் ஒரு துணிப்பை. பிரித்தால், என் தங்கை ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய பொட்டலங்கள்! துவரம் பருப்பு, மிளகு, சீரகம், கடுகு, மஞ்சள்தூள், பெருங்காயம், கொட்டை எடுத்த புளி, அப்பளம், ஒரு பாட்டில் நல்லெண்ணெய். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சீட்டு ஒட்டி, பேனாவால் எழுதியிருந்தாள். புளிப் பொட்டலத்தில் "நெல்லிக்காய் அளவு போதும்" என்று இருந்தது. மிளகுப் பொட்டலத்தில் "சளி பிடித்தால் ரசம் வை". ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை, கட்டின நூல் கட்டினபடியே இருந்தது. பாதி மூட்டை அரிசியும் ஒரு கைப்பிடி பூண்டும் தரையில் கிடந்தன.

இதைத்தான் அந்தப் பிள்ளை 'ஒண்ணுமே இல்ல' என்றான். பொய் சொல்லவில்லை, அவன் கண்ணுக்கு அவையெல்லாம் சாப்பாடாகத் தெரியவே இல்லை.

"எனக்கு அரை மணி நேரம் குடுங்கப்பா" என்றேன்.

அரிசியைக் களைந்து குக்கரில் ஏற்றினேன். புளியை வெந்நீரில் போட்டேன். வாணலியில் எண்ணெய் விடாமல் ஒரு டம்ளர் துவரம் பருப்பைப் போட்டு, தீயைக் குறைத்து, கை விடாமல் கிளறினேன். அது சிவந்து வாசனை எழும்பியதும் மூன்று பேரும் தாமாகவே சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"காய்ஞ்ச மிளகாய் இல்லையே பெரியம்மா, எப்படிப் பண்ணுவீங்க?"

மிளகாய் நம் ஊர்ப் பயிரே இல்லை, அமெரிக்கக் கண்டத்துப் பக்கத்திலிருந்து போர்த்துகீசியர்கள் கொண்டுவந்தது என்று சொன்னேன். தக்காளியும் அப்படிக் கடல் தாண்டி வந்ததுதான். அதற்கு முன்னால் எத்தனையோ நூறு வருஷம் நம் வீடுகளில் காரம் என்றால் மிளகுதான். பின்னால் வெள்ளைக்காரர்கள் நம் ரசத்தின் மிளகுத்தண்ணி என்கிற பேரையே தங்கள் சூப்புக்கு வைத்துக்கொண்டு போனார்கள். "மிளகாயும் தக்காளியும் இல்லாட்டி என்ன, பழைய ரசமா வைப்போம்" என்றேன்.

மிளகும் சீரகமும் ஒவ்வொரு ஸ்பூன், தோலோடு ஐந்தாறு பல் பூண்டு. மிக்ஸியில் ஒரே சுற்று, கொரகொரப்பாக. அதில் பாதியை ரசத்துக்கு எடுத்துவைத்தேன். மீதி ஜாரிலேயே இருக்க, அதன் மேல் வறுத்த பருப்பையும் உப்பையும் போட்டு, தண்ணீர் தெளித்து அரைத்தால் துவையல். ஜாரைக் கழுவின தண்ணீர் ரசப் பாத்திரத்துக்குப் போயிற்று. பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், அந்தப் பையன்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

புளித்தண்ணீரில் உப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, பொடித்ததைச் சேர்த்து, தண்ணீர் விளாவினேன். தங்கை மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். "ஓரத்தைப் பாரு. முதல்ல ஓரத்துல நுரை கட்டும். அப்புறம் நடுவுக்கு வரும். முழுசா மூடினதும் நிறுத்திடணும். தளதளன்னு கொதிச்சா ருசி போயிடும்." இமைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றான். நுரை மேலே மெத்தென்று கூடி வந்தது. நான் சொல்வதற்கு முன்னால் அவன் கை அடுப்பை அணைத்துவிட்டது.

கடுகு தாளித்துக் கொட்டி, அப்பளத்தை அடுப்புத் தீயில் சுட்டு எடுத்தபோது மணி ஒன்பதே கால். சுடுசோற்றில் துவையலைப் போட்டு, நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். நண்பர்களில் ஒருவன், திருநெல்வேலிப் பையன், ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, "எங்க ஆச்சி வச்ச மாதிரியே இருக்கும்மா" என்றான். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. என் தங்கை மகன்தான் சொன்னான்: "அம்மா தினமும் இதைப் பண்ணும்போது நான் பக்கத்து ரூம்லயேதான் பெரியம்மா இருந்தேன்."

அந்த வார்த்தை என்னை இந்த வாரம் முழுக்க விடவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் "நீ போய்ப் படி, உனக்கு எதுக்கு அடுப்பங்கரை" என்று அவனை அந்தப் பக்கத்து அறையில் உட்கார வைத்தது நாம்தானே? கரி பிடித்த பாத்திரத்தைக்கூட அவன் கண்ணில் காட்டவில்லை. அப்புறம் ஊரைவிட்டு அனுப்பும்போது மட்டும் மிளகையும் புளியையும் கட்டிக் கொடுக்கிறோம். அவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' என்கிற சமையல் புத்தகம் 1951-ல் வெளிவந்தது. கல்யாணமாகிப் போகிற பெண்ணின் பெட்டியில் அந்தப் புத்தகத்தை வைத்தனுப்பிய வீடுகள் எத்தனையோ. பையன் பெட்டியில் வைத்தனுப்பிய வீடு நான் பார்த்தவரை ஒன்றுகூட இல்லை. பசி இரண்டு பேருக்கும் ஒன்றுதானே?

அன்று ராத்திரி அவர்கள் சாப்பிட்ட சோறும் பருப்பும் ஏதோ இல்லாதவர் சாப்பாடு என்றும் நினைத்துவிடாதீர்கள். அரிசியில் குறைவாக இருக்கிற புரதக்கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவானது அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் உடம்புக்கு வேண்டிய புரதம் நிறைவாகக் கிடைக்கிறது. நம் பாட்டிமார்கள் அந்தக் கணக்கெல்லாம் போடவில்லை, தட்டில் சேர்த்துப் போட்டார்கள்.

சமையலை எழுதிக் கொடுத்தால் வராதா என்று கேட்கலாம். என் தங்கை எழுதித்தான் கொடுத்தாள். புளியின் அளவை எழுதலாம், நுரை கூடி வருகிற அந்த ஒரு நொடியை எந்தச் சீட்டில் எழுதுவது? அதற்கு அடுப்புப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

இன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டிலும் ரசம் வைப்பீர்கள். பரீட்சை இருந்தாலும் பரவாயில்லை, பத்து நிமிஷம்தான். மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்துங்கள். அடுப்பை அவனே அணைக்கட்டும்.